இரவு 11 மணிக்கு வரும் மெயில்: வீட்டிலிருந்து கூடுதல் நேரம் உழைக்கும் கர்ப்பிணி ஊழியருக்கு டீம் லீட் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்கள் டீமில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். சென்னை ஓஎம்ஆர் சாலை டிராபிக்கில் தினமும் அலைய வேண்டாம் என்று வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அவரிடமிருந்து மெயில் வருகிறது, அவர் எழுதிய கோடு (புரோகிராம்) சிஸ்டத்தில் செக்-இன் ஆகிறது. "ரெஸ்ட் எடுங்க" என்றால் "பரவாயில்ல சார், நான் ஓகே" என்கிறார். இதற்கு மேல் என்ன செய்யலாம், எதுவரை தலையிடலாம், சட்டம் என்ன சொல்கிறது?

"ரெஸ்ட் எடுங்க" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அதில் உதவி எதுவும் இல்லை. அவர் பெயரில் பதினைந்து டிக்கெட் (ஒப்படைத்த வேலைகள்) அப்படியே இருக்கும்போது ஓய்வெடு என்று சொன்னால், அதையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள் என்றுதான் அர்த்தம். நாளைக்கு நாளைய வேலையும் வந்து நிற்கும். அக்கறை உங்களுடையது, சுமை அவருடையது என்ற நிலை மாறவே இல்லை. நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்றுதான்: அவர் பெயரில் இருக்கும் வேலையில் கொஞ்சத்தை எடுத்து வேறொருவர் பெயரில் போடுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் ஐடி துறையில் பதினெட்டு வருடம் இருந்தேன். முதல் பாதி கோடு எழுதினேன், அப்புறம் டெலிவரி, அதாவது பிராஜெக்டை முடித்துக் கொடுக்கும் பொறுப்பு, கடைசியில் ஹெச்ஆர் பக்கம் வந்தேன். "நான் ஓகே" என்பதை நானே சொல்லியிருக்கிறேன். முதல் குழந்தையின்போது எட்டாம் மாதம், ஒரு பெரிய ரிலீஸ். கட்டிலில் உட்கார்ந்து தலையணை மேல் லேப்டாப், காலுக்குக் கீழே இன்னொரு தலையணை. இரவு பத்தரைக்கு அமெரிக்க கிளையண்டோடு கால். அது முடியப் பன்னிரண்டு ஆகும். அதற்கப்புறம் அவர்கள் கேட்ட திருத்தம். ஒரு நாள் காலையில் பார்த்தால் கால்விரல் வீங்கி மெட்டி இறுகிப்போயிருந்தது. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவி, நூல் சுற்றி, அரைமணி நேரம் போராடிக் கழற்றினார். அந்த வார செக்கப்பில் பிரஷர் 150/100. "ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்கறே?" என்று டாக்டர் கேட்டார். "பத்து மணிக்கு" என்று கூசாமல் சொன்னேன். இரவு வேலையால்தான் பிரஷர் ஏறியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கர்ப்பகாலத்தில் பிரஷர் பல காரணத்தால் ஏறும். ஆனால் டாக்டரிடமே பொய் சொன்னவள் மேனேஜரிடம் உண்மை சொல்லியிருப்பேனா? அவர் நல்ல மனிதர்தான். வாரம் ஒருமுறை "டேக் கேர்" என்பார். டிக்கெட் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

சரி, உங்கள் டீமுக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அந்த இரவு நேரம் கூடுதல் நேரமா, மாற்று நேரமா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மசக்கை இருக்கும் மாதங்களில் பல பெண்களுக்குக் காலை பதினொன்று வரை தலைதூக்க முடியாது. வாந்தி, மயக்கம், சாப்பாட்டு வாசனையே ஆகாது. மாலையில் கொஞ்சம் தெளிவு வரும். அப்போது உட்கார்ந்து விட்ட வேலையை முடிப்பார்கள். மசக்கை மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும் என்பார்கள், சிலருக்குப் பிரசவம் வரை விடாது. அப்படிப்பட்டவரிடம் போய் "எட்டு மணிக்கு மேல் லாகின் செய்யக் கூடாது" என்று விதி போட்டால், அவருக்கு வேலை ஓடும் ஒரே நேரத்தைப் பிடுங்குகிறீர்கள். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு இரவு ஒன்பதரை வரை வேலை செய்தால் அதில் தவறில்லை. காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்அப் என்ற தினசரி டீம் மீட்டிங்கிலும் இருந்து, நடுவில் எல்லா மீட்டிங்கிலும் இருந்து, இரவு பதினொன்றுக்கும் செக்-இன் செய்கிறார் என்றால் அது கூடுதல் நேரம். இதை லாகின் ரிப்போர்ட் எடுத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கேளுங்கள். "ஒரு நாள் எப்படிப் போகிறது, எந்த நேரம் உங்களுக்குத் தோது?" என்று கேட்டாலே பாதி வந்துவிடும்.

கூடுதல் நேரம்தான் என்று தெரிந்தால், ஏன் என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பேராசைப்பட்டோ வேலைப்பித்துப் பிடித்தோ அப்படிச் செய்கிறவர்கள் அபூர்வம். பெரும்பாலும் பயம். லீவு போவதற்குள் நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்ரைசலில் ரேட்டிங் அடிபடும், திரும்பி வரும்போது பிராஜெக்ட் இருக்காது, பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்ற பயம். இந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு வகை, கடன்பட்ட உணர்ச்சி. "எனக்காக ஒர்க் ஃப்ரம் ஹோம் கொடுத்திருக்காங்க, செக்கப்புக்கு அரைநாள் விடறாங்க, ஈடுகட்ட வேண்டாமா?" நீங்கள் சலுகை கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அதற்கு இரவில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது காரணம் ஆண் லீட்களுக்குச் சட்டென்று புலப்படாது. வீடு. "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது பகலில் மூன்று மணி நேரத்தைத் தின்றுவிடும். கேஸ் சிலிண்டர் வரும், கூரியர் வரும், மூத்த குழந்தை பள்ளியிலிருந்து வரும், "உடம்பு எப்படி இருக்கு" என்று பார்க்க உறவினர்கள் வந்து காபி வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆபீஸில் இருந்தால் யாரும் சாம்பார் வைக்கச் சொல்ல மாட்டார்கள். பகலில் போன நேரத்தை இரவில் பிடிக்கிறார். இதில் நீங்கள் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் ஒரு சின்ன உதவி செய்யலாம். காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை அவர் காலண்டரில் டீம் நேரம் என்று நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். "எனக்குக் கால் இருக்கு" என்று வீட்டில் சொல்ல அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். சிரிப்பாக இருக்கலாம், வேலை செய்கிறது. இன்னும் ஒன்று, எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது: சில பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் வருகிறேன், கேப் மட்டும் கொடுங்கள் என்று கேட்பார்கள். ஆபீஸில்தான் அவர்களுக்கு ஓய்வு. ஆகவே ஒர்க் ஃப்ரம் ஹோம் எல்லோருக்கும் வரம் என்று நினைக்காமல் இரண்டையும் திறந்து வையுங்கள்.

இனி சுமைக் கணக்கு. ஒரு நாற்பது நிமிடம் ஒதுக்கி, அவர் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் திரையில் வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொன்றாகப் போங்கள். டிக்கெட் மட்டுமில்லை. வாராந்திர ரிப்போர்ட், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, யாரோ விட்டுப்போன எக்செல் ஷீட்டை நிரப்புவது, வெள்ளிக்கிழமை மீட்டிங் மினிட்ஸ், எல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதை இவர்தான் செய்ய வேண்டுமா, வேறு யாராவது செய்யலாமா, யாருமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிசயமான பதில்கள் வரும். ஒருமுறை இப்படி உட்கார்ந்தபோது, ஒரு பெண் வாராவாரம் இரண்டு மணி நேரம் செலவழித்துத் தயாரித்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டிருந்தவர் கம்பெனியைவிட்டுப் போயே பல மாதம் ஆகியிருந்தது. மெயில் போய்க்கொண்டிருந்தது, படிக்க ஆளில்லை. கர்ப்பிணிக்காக உட்கார்ந்த அந்தக் கணக்கால் டீமுக்கே ஒரு வேலை மிச்சம்.

எடுத்த வேலையை யாரிடம் கொடுப்பது? "ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை" என்பீர்கள். எல்லா லீடும் சொல்வது, பாதி உண்மையும்கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்னும் மூன்று மாதத்தில் அவர் 26 வாரம் இல்லாமல் இருக்கப்போகிறார். அப்போது பேக்கப் ஆள் வேண்டும்தானே? அந்த ஆளை லீவுக்கு முந்தின வாரம் கொண்டுவந்து, நாலு நாள் அரக்கப்பரக்கக் கேடி (வேலையைச் சொல்லிக்கொடுத்துக் கைமாற்றுவது) கொடுத்து, அந்த நாலு நாளும் கர்ப்பிணியை இரவு ஒரு மணி வரை டாக்குமெண்ட் எழுத வைப்பதுதான் வழக்கம். ஒன்பதாம் மாதத்தில் பெண்கள் அதிகம் உழைப்பது இந்தக் கேடி என்ற பெயரில்தான். அதே ஆளை ஆறாம் மாதமே கொண்டுவாருங்கள். முதல் மாதம் பேக்கப் கூட இருந்து பார்க்கட்டும், இரண்டாவது மாதம் பேக்கப் செய்ய கர்ப்பிணி பார்க்கட்டும், மூன்றாவது மாதம் கர்ப்பிணி கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இரவு கால், எந்நேரம் கூப்பிட்டாலும் வேலைக்கு வர வேண்டிய ஆன்-கால் போன்றவற்றை முதலில் பேக்கப்புக்கு மாற்றுங்கள், ஏனென்றால் உடம்பை வாட்டுவதும் அதுதான், எளிதில் கைமாற்றக்கூடியதும் அதுதான். கூடுதலாக ஆகும் செலவு ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். மேலிடத்தில் இதை "கருணை" என்று கேட்காதீர்கள், டெலிவரி ரிஸ்க் என்று கேளுங்கள், கிடைத்துவிடும். பிரசவம் சொன்ன தேதியில்தான் நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 34-ஆவது வாரத்தில் டாக்டர் அட்மிட் ஆகச் சொன்னால் உங்கள் கேடி என்ன ஆகும் என்று ஒரு வரி போட்டால் போதும்.

கிளையண்டிடம் என்ன சொல்வது என்று தயங்குகிறவர்கள் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இவர் லீவில் இருப்பார், இந்த மாதம் முதல் மாலை கால்களை இன்னார் எடுப்பார் என்பது போதும். காரணம் சொல்ல வேண்டுமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம்.

இப்போது இதைவிட முக்கியமான ஒரு விஷயம். உங்களுக்கு ஆறாம் மாதம் தெரிந்திருக்கிறது. முதல் மூன்று மாதம் தெரிந்ததா? நம் ஊரில் "மூணு மாசம் முடியட்டும்" என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளில் வெளியே சொல்வார்கள். அந்த மூன்று மாதம்தான் அசதி அதிகம், மசக்கை அதிகம், கருச்சிதைவில் பெரும்பகுதி நடப்பதும் அப்போதே. அந்தச் சமயத்தில் இரவு கண்விழித்து வேலை செய்தவர் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். இப்போதும் உங்கள் டீமில் சொல்லாமல் இருக்கிற ஒருவர் இருக்கலாம். அதனால் கர்ப்பிணிக்கென்று தனி விதி போடுவதைவிட, டீமுக்கே பொது விதி போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இரவு எட்டரைக்கு மேல் மீட்டிங் என்றால் முறைவைத்து வாரத்தில் ஒரு நாள்தான் ஒருவருக்கு வரும், முந்தின இரவு கால் எடுத்தவர் மறுநாள் பதினொன்றுக்கு வந்தால் போதும், இரவில் வந்த மெயிலுக்குக் காலையில் பதில் போட்டால் யாரும் கேட்கக் கூடாது, ஷிப்டை மாற்றிக்கொடு என்று யார் கேட்டாலும் காரணம் கேட்காமல் மாற்றலாம். காரணம் கேட்காமல் என்பதுதான் இதில் உயிர். நீங்களும் இரவு மெயில் எழுதினால் காலையில் போகும்படி டைமர் வைத்து அனுப்புங்கள். லீட் பதினொன்றுக்கு மெயில் போட்டால் டீம் பதினொன்றேகாலுக்குப் பதில் போடும். எங்கும் பார்த்ததுதான்.

இரவு வேலை நிஜமாகவே கெடுதலா, இல்லை பெரியவர்கள் சொல்லும் பேச்சா என்று கேட்பவர்களுக்கு: டென்மார்க்கில் பொதுத்துறை ஊழியர்களின் சம்பளப் பதிவுகளை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரவு ஷிப்ட் பார்த்த கர்ப்பிணிகளுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு, அடுத்த வாரம் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். சோபாவில் லேப்டாப்போடு பதினொன்று வரை இருப்பதும் விடிய விடிய வார்டில் நிற்பதும் ஒன்றல்ல, ஆகவே இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள். ஆனால் அமெரிக்க ஷிப்ட் பார்க்கிற டீம்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயமும் இதய நோயால் இறக்கும் அபாயமும் கூடுகிறது என்றது. அது கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு இல்லை, எல்லோருக்கும்தான். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மருத்துவம் பேச வேண்டியவர் டாக்டர், நீங்கள் இல்லை. ஆனால் லீட் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயம் தெரிந்திருந்தால் திட்டமிட வசதி. செக்கப் வழக்கமாக ஏழாம் மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36 வாரத்துக்கு மேல் வாராவாரம். ஐந்தாம் மாத ஸ்கேனும், சர்க்கரைக்குக் குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் அரைநாளைச் சாப்பிடும். அந்த அரைநாளை அரைநாள் என்றே கணக்கில் எழுதுங்கள், இரவில் ஈடுகட்டும் நேரமாக இல்லை. கர்ப்பகாலத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காருவது அதற்குத் துணைபோகும். ஆகவே மூன்று மீட்டிங்கைத் தொடர்ச்சியாகப் போடாதீர்கள். ஒரு மணி நேர மீட்டிங்கை ஐம்பது நிமிடத்தில் முடித்தால் எழுந்து நாலு எட்டு நடக்க, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக நேரம் கிடைக்கும். கேமராவை ஆஃப் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள், காலை நீட்டி உட்காரலாம். கடும் தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைந்ததுபோல் தோன்றுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நடு ரிலீஸில் இருந்தாலும் லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டுப் போகலாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். "கால் முடியட்டும்" என்று காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017-ல் திருத்தப்பட்டது. அதன் ஏற்பாடுகள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன, அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. முக்கிய உரிமைகள் அப்படியே இருக்கின்றன. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரச் சம்பளத்தோடு லீவு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். ஒப்பந்த ஊழியர் என்றால் கிடையாது என்று சில ஏஜென்சிகள் கதை விடும், நம்பாதீர்கள். ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் லீவுப் பலன் முழுவதும் உண்டு என்று கவிதா யாதவ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது இன்னொரு ஏற்பாடு, ஹெச்ஆர்காரர்கள்கூட அதிகம் படிப்பதில்லை. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரமும் அதற்கு முந்தைய ஒரு மாதமும், ஆக ஏறக்குறைய பத்து வாரம், அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ, நெடுநேரம் நின்று செய்யும் வேலையோ, கருவின் வளர்ச்சியையோ அவர் உடல்நலத்தையோ பாதிக்கக்கூடிய எந்த வேலையுமோ கொடுக்கக் கூடாது. "நெடுநேரம் நின்று" என்ற சொல்லைப் பாருங்கள். மில்லையும் தோட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதியது. கட்டிலில் சாய்ந்து நள்ளிரவு வரை கால் பேசுகிறவளை 1961-ல் யார் கண்டார்கள்? ஆனால் "உடல்நலத்தைப் பாதிக்கக்கூடிய எந்த வேலையும்" என்ற கடைசித் துண்டு அகலமானது, இரவுக் காலும் அதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. சிக்கல், "அவர் கேட்டுக்கொண்டால்" என்பதில். நீங்கள் பார்த்தீர்களே, அவர் கேட்க மாட்டார். அதனால் கேட்பதைச் சுலபமாக்குவது உங்கள் பொறுப்பு. ஏழாம் மாதம் தொடங்கும்போது நீங்களே ஒரு மெயில் போட்டு, "இந்தத் தேதியிலிருந்து இரவுக் காலும் ஆன்-காலும் உங்களுக்கு இல்லை, வேண்டும் என்றால் மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதினால், கேட்க வேண்டிய கூச்சம் அவருக்கு இல்லாமல் போகும்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 2017 திருத்தம் அதைச் சொல்வது லீவு முடிந்த பிறகான காலத்துக்கு, அதுவும் வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் பேசி ஒத்துக்கொண்டால். கர்ப்பகாலத்தில் வீட்டிலிருந்து வேலை என்பது உங்கள் கம்பெனி விதி. எனவே அது என்ன நிபந்தனையோடு என்பதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த நேரத்தில் அழைக்கலாம், எப்போது கூடாது. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்தால்கூட நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. மேலாளர் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தால் மணி நேரம் சுருங்கிவிடாது.

லீவு தொடங்கிய பிறகு "ஒரே ஒரு கால், பத்து நிமிஷம்" என்று கூப்பிடுகிற லீட்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட மகப்பேறு லீவில் இருக்கும்போது வேலை செய்தால் அந்தக் காலத்துக்கான பலனை அந்தப் பெண் இழக்க நேரிடும் என்று சட்டத்தில் இருக்கிறது. பிரசவமான பிறகு ஆறு வாரம் அவரை வேலை செய்ய வைப்பதே குற்றம். உங்கள் பத்து நிமிடத்துக்கு ஆபத்து அவருக்கு. பாஸ்வேர்டு எங்கே, அந்த ஸ்கிரிப்ட் எங்கே என்று கேட்கும் நிலை வந்தால், ஆறாம் மாதமே பேக்கப்பைக் கொண்டுவரவில்லை என்று அர்த்தம்.

ரேட்டிங் பயத்துக்கு வாய்வார்த்தை மருந்தாகாது. லீவுக்குப் போகும் முன்பே, வேலை செய்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுவோம், குறைத்த வேலைக்கு ஏற்றபடி இலக்கும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். இலக்கைக் குறைக்காமல் வேலையை மட்டும் குறைத்தால் வருடக் கடைசியில் அவருக்கு அதுவே எதிராக வரும். லீவைக் காரணமாக வைத்து வேலை நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்பதும் சட்டம்தான். இதையும் ஹெச்ஆரிடம் நினைவுபடுத்தி, அந்த மெயிலில் அவர்களையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் நாளைக்கே வேறு கம்பெனிக்குப் போகலாம், மெயில் இருக்கும்.

வீட்டு வசதி பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஏழாம் மாதத்தில் முதுகு பேசும். ஆபீஸில் சும்மா கிடக்கும் நாற்காலிகளில் ஒன்றை வேன் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இதற்கு எந்த அப்ரூவலும் வாங்க வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள், மூன்று பேர் கையெழுத்து வேண்டும், இப்போதே ஆரம்பியுங்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போய்விடுவது நம் பக்கம் வழக்கம், குறிப்பாகத் தலைப்பிரசவத்துக்கு. திருநெல்வேலியோ திருவாரூரோ, லேப்டாப்பும் கூடவே போகும். அங்கே பகலில் கரண்ட் போனால், நெட் இழுத்தால், அந்த வேலையும் இரவுக்குத்தான் தள்ளும். ஆக, ஊருக்குப் போகும் தேதியை முன்பே கேட்டு, அந்த வாரத்திலிருந்து டெட்லைன் உள்ள எதையும் அவர் பெயரில் போடாமல் இருப்பது நல்லது.

செய்யக் கூடாதவையும் உண்டு. உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, அவரைக் கேட்காமல் பிராஜெக்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவர் பயந்தது எதுவோ அதையே செய்ததாகும். வீட்டிலிருந்து ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழையும் விபிஎன்-ஐ இரவில் பூட்டாதீர்கள். குரூப்பில் எல்லோருக்கும் முன்னால் "அவங்களுக்கு வேலை கொடுக்காதீங்க" என்று எழுதாதீர்கள். "திரும்பி வருவீங்கள்ல?" என்று கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் மனைவி பிரசவத்துக்கு முந்தின நாள் வரை ஆபீஸ் போன கதையையும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

எல்லாம் செய்த பிறகும் அவர் இரவில் வேலை செய்தால்? செய்யலாம். அவர் வயதுவந்த பெண், வேலையில் ஆசை உள்ளவர், அந்த ரிலீஸைத் தானே முடிக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்பலாம். இலக்கு குறைந்து, பேக்கப் வந்து, ரேட்டிங் எழுத்தில் வந்து, கேட்கிறவர் யாரும் இல்லாதபோதும் ஒருவர் விரும்பிச் செய்தால் அதை மதியுங்கள். அந்த நிலையைக் கொண்டுவராமல் "அவங்களா விரும்பித்தான் செய்யறாங்க" என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

திங்கட்கிழமை பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு செக்-இன் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், விசாரணைபோல ஆகிவிடும். "அடுத்த மாசத்துலேர்ந்து ராத்திரி கால்ஸை இன்னார்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன். வேற எதையெல்லாம் உங்ககிட்டேர்ந்து எடுக்கலாம், வாங்க உட்கார்ந்து பார்ப்போம்" என்று ஆரம்பியுங்கள். முதல் தடவை "இல்ல சார், நான் ஓகே" என்றுதான் சொல்வார். சரி என்று ஃபைலை மூடிவிடாமல், டிக்கெட் பட்டியலைத் திரையில் திறந்து முதல் வரியைப் படியுங்கள்.